வெள்ளறடை வீட்டு ஊதாக் கோடுகள்

பணி ஓய்வு எனக்குக் கிடைத்தது. என் கைப்பேசிக்குக் கிடைக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ரேஷ்மி, வாரம் தவறாமல் ஏதாவது ஒரு படம் அனுப்பிவிடுவாள். போன வாரம் வந்த படத்தில் ஒரு பழைய மானிட்டர், அதன் குறுக்கே பச்சைக் கோடுகள். கீழே ஒரு கேள்வி: "சேச்சி, கார்டா, மானிட்டரா?"

உடனே அழைத்தேன்.

"முதல் படத்திலேயே கோடு உண்டா?" என்றேன்.

"அதைப் பாக்கல்லியே சேச்சி."

"பின்ன என்னத்தைப் பாத்த? அணைச்சுட்டு, வீட்டுக்காரங்களை வச்சே மறுபடி போடச் சொல்லு. நீ கையை மடியில வச்சுட்டு இரி."

அவள் சிரித்தாள். "இந்த மடியில கை வைக்குத காரியத்தை எல்லாம் எழுதித் தாங்க சேச்சி. புதுசா வந்த பிள்ளைங்க கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணைத் தனியா கண்டதே இல்லை" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். இப்போது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் படம் காட்டும் வேலை மற்ற வேலைகளோடு உள்ளேயே முடிந்துவிடுகிறது. பழைய பெட்டிகளில் அதற்கென்று தனி அட்டை உண்டு. மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையில் உள்ள ஸ்லாட்டில் அதைச் செருகி, ஒரு திருகு போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தப் பெட்டிகள் போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவற்றைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு படாத பாடு பட்டது. ஆனால் அந்த அட்டைகளால் நான் பார்த்த வீடுகளும் மனிதர்களும் உண்டே, அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது சென்டரில் எல்லாருக்கும் தெரியும்.

நான் பொழியூர்க்காரி. அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குடும்பம் என்பதால் நாங்கள் ரகசியம் சொன்னாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். ஐ.டி.ஐ.யில் ரேடியோ படித்தேன், டிவி பழுது பார்த்தேன், கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. மீதியை வீடுகளில்தான் படித்தேன்.

சர்வீஸ் பிரிவின் தலைவர் சுகுமாரன் சார். கொல்லயில் என்ற ஊர்க்காரர். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு மூக்குப்பொடி டப்பா. அவர் வாயில் அதிகம் வரும் சொல் 'பைய'. யாராவது அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால், பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல மெதுவாக "பைய, பைய" என்பார். அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு பார்வை பார்ப்பார், அதற்கு நாலு திட்டே மேல் என்று தோன்றும்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. வீட்டுக்குப் போனதும் நாம் எதையும் தொடக்கூடாது. கையை மடியில் வைத்து உட்கார வேண்டும். வீட்டுக்காரர்தான் கம்ப்யூட்டரைப் போட வேண்டும். "அவங்க எப்பிடிப் போடுதாங்கன்னு பாத்தாலே பாதி காரியம் தெரிஞ்சிரும்" என்பார். அது உண்மை. ஒரு வீட்டில் பெட்டியை உள்ளங்கையால் ஓங்கி அடித்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட்டார்கள். இன்னொரு வீட்டில் பின்பக்கத்துக் கேபிளை ஒரு முறுக்கு முறுக்கினார்கள். கேட்டால், "எப்பவும் இப்பிடித்தான்" என்றார்கள்.

அடுத்தது, கோடு எப்போது வருகிறது என்று பார்ப்பது. பெட்டியைப் போட்டதும் திரையில் கம்பெனிப் பெயர் வருமே, அந்த முதல் படத்திலேயே கோடு இருந்தால் குறை ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது. விண்டோஸ் ஏறிய பிறகுதான் வருகிறது என்றால் முதலில் மென்பொருளைச் சந்தேகப்படலாம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. கேபிள், பிறகு மானிட்டர், பிறகு கார்டு. இரண்டை ஒன்றாக மாற்ற விடமாட்டார். "ரெண்டையும் சேத்து மாத்தினா கள்ளன் யாருன்னு எப்பிடித் தெரியும்?" என்பார்.

கார்டைக் கழற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, மிச்சம் இருக்கிற கரண்டும் இறங்குவதற்காகப் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும். பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும். திருகைக் கழற்றி, ஸ்லாட்டின் முனையில் உள்ள சின்னக் கொக்கியை விலக்கி, கார்டை நேராக மேலே எடுக்க வேண்டும். ஓரத்தை மட்டுமே பிடிக்க வேண்டும். கீழே வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் பையத் தேய்த்து, துகளைத் தட்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பாதிப் பழுதுகள் இத்தோடு சரியாகிவிடும்.

கடைசி விதி சாயா. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் கால் வைத்தால் கேட்காமலே பால் விடாத கட்டஞ்சாயா வரும், வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். சார் வேலை முடியும் வரை தொடமாட்டார், எங்களையும் தொட விடமாட்டார்.

"சாயா குடிச்சா நாம விருந்தாளி ஆயிட்டோம். விருந்தாளி அந்த வீட்டில குறை சொல்லப்பிடாது. நாம வந்ததே குறை சொல்லத்தான் ஆக்கும்."

இதனால் என் வேலைக்காலம் முழுவதும் நான் குடித்தது அடுப்பில் கிடந்து கொதித்துக் கசந்த சாயாதான்.

பாறசாலையில் ஒரு வீடு. மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, பெட்டியை மறுபடி எடுத்து வைத்திருக்கிறார்கள். படம் வரவில்லை. நான் பின்னால் எட்டிப் பார்த்தேன். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல், அதற்கு மேலே தாய்ப்பலகையில் இருந்த இன்னொரு வாயில் செருகியிருந்தார்கள். எடுத்துக் கீழே செருகினேன், படம் வந்துவிட்டது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் வரவில்லை.

"அவ்வளவுதானா? ஒண்ணும் கழத்தல்லியே."

"கழத்தத் தேவையில்லை அண்ணா."

"நாளைக்கு மறுபடி போச்சுன்னா? வந்தது வந்திய, எதையாவது ஒண்ணைக் கழத்தி மாட்டிட்டுப் போங்க."

சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பெட்டியைத் திறந்து தூசு ஊதினேன். ஃபேனுக்குப் பக்கத்தில் இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. எடுத்துக் கையில் கொடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அதாக்கும் காரியம்" என்றார். பல்லி முட்டையால் கம்ப்யூட்டர் நின்றுபோன கதையை அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

இன்னொரு வீடு பொழியூரிலேயே, என் சொந்த மாமியின் வீடு. மாமியின் மகன் ராஜன் கப்பலில் வேலை பார்க்கிறான், கம்ப்யூட்டரில்தான் அவனைப் பார்த்துப் பேசுவாள். படம் வருகிறது, போகிறது. நான் எல்லாம் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை. சார் எழுந்து போய் ஜன்னல் கம்பியில் விரலை வைத்தார். விரல் துரு ஒட்டிச் சிவப்பாக வந்தது.

"இது இஞ்ச எல்லா வீட்டிலயும் உண்டு சார்" என்றேன்.

"அதனாலதான் உன் கண்ணில படல்ல" என்றார்.

கார்டைக் கழற்றினால் பற்களின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று. பெட்டி கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. துடைத்து மாட்டி, உள்ளறைக்கு மாற்றச் சொன்னோம். மாமிக்குப் பெரிய குறை. "ராஜன் விளிக்கும்ப நான் ஜன்னல் வழியா கடலைக் காட்டுவேன். இனி அடுக்களையத்தான் காட்டணும்" என்றாள். கப்பலில் இருக்கிறவனுக்கு எதற்கு மாமி கடல் என்று கேட்டேன். அது வேற கடல் என்றாள்.

எனக்கு அன்றைக்கு சார் மேல் கொஞ்சம் பொறாமைதான். என் ஊருக்கு வந்து, என் மாமி வீட்டில், என் மூக்குக்கு முன்னால் இருந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் இவருடைய ஊர்ப்பக்கத்தில் நான் ஒன்றைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நாள் கொல்லயிலைத் தாண்டி மலையோரத்தில் உள்ள வெள்ளறடையில் வந்தது.

சார் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலம். வெள்ளறடையிலிருந்து சுனிதா என்ற பெண் அழைத்தாள். கணவன் ஆட்டோ ஓட்டுகிறான். மாமியார் தங்கம்மை, கொஞ்சம் ரப்பர் மரங்கள். சுனிதா வீட்டிலிருந்தபடியே பாலராமபுரத்து நெசவுக்காரர்களுக்குச் சேலைக் கரை வரைந்து கொடுப்பாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு கட்டம் ஒரு நூல். பல வருடங்களாக அவள் செய்தது அவர்கள் கொடுக்கும் பழைய கரைகளைக் கட்டத்தில் ஏற்றித் தருவது மட்டும்தான். அந்த வருடம்தான் ஓணத்துக்கு அவளே யோசித்து வரைந்த ஒரு கரையை நெய்து பார்க்கலாம் என்று பெரிய நெசவுக்காரர் சம்மதித்திருந்தார். ஒரு தறியை அவளுக்காக ஒதுக்கி வைத்திருந்தார். சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அந்தத் தறியில் பழைய கரையையே ஏற்றிவிடுவார்கள், அடுத்த ஓணம் வரை காத்திருக்க வேண்டும்.

நான் போனபோது அவள் திரையைக் காட்டினாள். மேலிருந்து கீழாக ஊதா நிறத்தில் விட்டு விட்டுக் கோடுகள், இடையில் படிக்கட்டுபோல ஊதாக் கட்டங்கள்.

"இதுக்குள்ள நான் எப்பிடி சேச்சி நூலை எண்ணுவேன்? ஒரு நூல் தப்பினா கரை முழுக்கத் தப்பும்" என்றாள். அழவில்லை, ஆனால் அழுது முடித்த குரல்.

வேறு கம்ப்யூட்டரில் செய்யவும் வழியில்லை. அந்த மென்பொருள் பழையது. பெட்டியின் பின்னால் ஒரு பூட்டுக் கட்டையைச் செருகினால்தான் திறக்கும், அந்தக் கட்டை நுழைகிற வாய் புதுப் பெட்டிகளில் கிடையாது.

கையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அவள் போட்டாள். முதல் படத்திலேயே கோடு. கேபிள் மாற்றினேன், கோடு. மானிட்டர் மாற்றினேன், கோடு. கார்டைக் கழற்றிப் பற்களைத் தேய்த்து மாட்டினேன். திரை துடைத்த கண்ணாடியாக வந்தது. சுனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் தங்கம்மை அவித்துக் கொடுத்த மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டேன். மலைப்பக்கத்து மீன் கறியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மரச்சீனி அருமை.

இரண்டு நாள் கழித்து அழைப்பு. கோடு திரும்ப வந்துவிட்டது.

மறுபடி போனேன். அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி எங்களிடம் இருந்த இன்னொன்றை அவள் பெட்டியில் மாட்டிவிட்டு வந்தேன். சென்டரில் அவள் கார்டைப் பகல் முழுவதும் சூடேற ஓட்டிப் பார்த்தோம். ஒரு கோடும் இல்லை. நல்ல பிள்ளையாக ஓடியது. நான் மாட்டிவிட்டு வந்த எங்கள் கார்டோ வெள்ளறடையில் கோடு போட ஆரம்பித்துவிட்டது.

சார் பொடி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை இழுத்தார்.

"கார்டு கள்ளன் இல்லை செலின்" என்றார். "ரெண்டு கார்டும் ஒரே வீட்டில கெட்டுது. வீட்டில எங்கயோ ஆக்கும். நாளைக்கு நானும் வாறேன்."

நாளை என்றால் வெள்ளிக்கிழமை. முந்தைய இரண்டு தடவையும் நான் கிளம்பும்போது சுனிதாவை அழைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அன்றைக்கு முதல் பஸ் கிடைத்துவிட்ட வேகத்தில் சொல்ல மறந்துபோனேன். அந்த மறதிக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் வாசலில் குடையை மடக்கும்போதே உள்ளே தடதடவென்று ஓசை. தங்கம்மை யாரையோ விரட்டுவதுபோல, "சுனிதா, வேகம் வா, கம்ப்யூட்டர்காரங்க வந்தாச்சு, இதை ஒக்க எடு" என்று சத்தம் போட்டார். நான் உள்ளே நுழைந்தபோது அந்த அம்மாவின் தோளில் துண்டு போட்டதுபோல ஈரமான ரப்பர் ஷீட்டுகள். கம்ப்யூட்டர் அறையில், பெட்டிக்குப் பின்னால், சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கயிறு. அதில் இன்னும் வரிசையாக ஷீட்டுகள் தொங்கின. மேசைக்கு அடியில் ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் கேன், மூடி பாதி திறந்தபடி.

புளித்த, மூக்கின் உள்ளே குத்துகிற ஒரு நெடி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது என்ன நாத்தம்?" என்றேன்.

"எது?" என்றாள் சுனிதா.

"எந்த நாத்தம்?" என்றார் தங்கம்மை.

நான் சாரைப் பார்த்தேன். அவரும் காற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்றார். அவர் வீட்டிலும் ரப்பர் உண்டு. போதாததற்கு மூக்கு நிறையப் பொடி.

மாமி வீட்டு ஜன்னல் கம்பி எனக்கு ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்கமுடியவில்லை. "சார், இது இஞ்ச எல்லா வீட்டிலயும் உண்டு, இல்லியா? அதனாலதான் உங்க மூக்கில படல்ல" என்றேன். சார் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு பொடி டப்பாவை எடுத்து, திறக்காமல், மேசை மேல் வைத்தார். அவ்வளவு பெரிய பாராட்டு எனக்கு வேலையில் கிடைத்ததில்லை.

விஷயம் இதுதான். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையின் கூரை மழையில் ஒழுகிவிட்டது. ஷீட்டுகள் காயவில்லை என்றால் பூசணம் பிடிக்கும். கம்ப்யூட்டர் ஓடும்போது பின்பக்கத்து ஃபேனிலிருந்து சூடான காற்று வருவதைத் தங்கம்மை கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் காற்றுக்கு நேராகக் கயிறு கட்டிவிட்டார். ஷீட் நன்றாகக் காய்ந்தது. பெட்டியோ முன்பக்கத்து வழியாக அந்த அறையின் ஈரத்தையும் ஆசிட் ஆவியையும் இழுத்துக் குடித்துக்கொண்டே இருந்தது. கார்டின் பற்களிலும், ஸ்லாட்டுக்குள் இருக்கும் செம்புக் கம்பிகளிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். நான் பல்லைத் தேய்த்தேன், ஈறைத் தேய்க்கவில்லை. தேய்த்ததும் இரண்டு நாளில் மறுபடி ஏறிக்கொண்டது. நான் சொல்லிவிட்டுப் போன இரண்டு தடவையும், விருந்தாளி வருகிறார்கள் என்று தங்கம்மை எல்லாவற்றையும் எடுத்து மறைத்து, ஜன்னலைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, அறையைக் கோயில் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்.

இனி இதை அவரிடம் யார் சொல்வது? எங்களுக்கு முன்னால் ஆவி பறக்க இரண்டு சாயா வந்து நின்றது. நானும் சாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ கண்டுபிடிச்சது, நீயே சொல்லு" என்றார் சார்.

"அக்கா" என்று ஆரம்பித்தேன். குரலை எவ்வளவு இறக்கினாலும் பொழியூர் குரல் பொழியூர் குரல்தான். "ஷீட்டும் ஆசிட்டும் இந்த அறையில இருக்கப்பிடாது. அதாக்கும் கார்டை அரிக்குது. ரெண்டு கார்டையும் அரிச்சுது."

தங்கம்மை என்னையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். சுனிதா தரையைப் பார்த்தாள். மாமியார் மருமகள் சண்டைக்கு நான் தீ மூட்டிவிட்டேனோ என்று பயந்தேன்.

"அப்பொ இவ ராத்திரியும் பகலும் கண்ணைக் கெடுத்து வரைஞ்சதுக்கு நானே வெஷம் வச்சேனா?" என்றார் தங்கம்மை. "ஏட்டி சுனிதா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"எனக்கும் தெரியாது மாமி."

"செரி, எடுத்துருவோம். அடுப்புக்கு மேல பரண் இருக்குல்லா, அங்க போடுவோம்."

கயிற்றை அவரே அவிழ்த்தார். ஆசிட் கேனை அவரே தூக்கிக்கொண்டு மழையில் வெளியே போனார். திரும்பி வந்து, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, "எது கெட்டுப்போச்சுன்னு காட்டு, நானும் பாக்கணும்" என்றார்.

சுனிதா கம்ப்யூட்டரைப் போட்டாள். அவள் வரைந்த கரை வந்தது. பொன்னிறத்தில் இரண்டு வரி, நடுவில் சின்னச் சின்ன இலை. அதன் மேலே ஊதாக் கோடுகளும் படிக்கட்டுக் கட்டங்களும். தங்கம்மை கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் மருமகளின் திரையை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று சுனிதா பிறகு சொன்னாள்.

"கொள்ளாமே" என்றார். "இந்த ஊதா படிக்கட்டு நல்லா இருக்கே. இதை எப்பிடி மக்கா வரைஞ்ச?"

"அது நான் வரைஞ்சதில்லை மாமி. அதாக்கும் கேடு."

"கேடா?" தங்கம்மை நம்பவில்லை. "இலை எல்லாரும் போடுவாங்க. எனக்கு ஒரு சேலை எடுத்துத் தந்தா இந்தப் படிக்கட்டு உள்ளதைத்தான் எடுப்பேன்."

சுனிதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சேச்சி, இது ஒரே அகலத்துக்குத்தான் வருதா, இல்லை இஷ்டத்துக்கு வருதா?" என்றாள்.

அது நல்ல கேள்வி. கார்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு கம்பி சரியாகத் தொடாவிட்டால் அதன் வழியாக வரும் புள்ளிகள் மட்டும் கெடும். ஆகவே கெடுவதும் ஒரே இடைவெளியில்தான் கெடும். சார் குனிந்து எண்ணிப் பார்த்து, "எட்டுக்கு ஒண்ணு" என்றார். சுனிதாவும் எண்ணினாள். எட்டுக் கட்டத்துக்கு ஒரு படி.

"பைய" என்றார் சார், கார்டைக் கழற்றக் கை நீட்டிய என்னிடம். "அந்தப் பிள்ளை படம் எடுத்துக்கிடட்டும்."

சர்வீஸ்காரர்கள் பழுதைச் சரி செய்யாமல் கையைக் கட்டி நின்றதும், வீட்டுக்காரி அந்தப் பழுதைப் பல கோணத்தில் கைப்பேசியில் படம் பிடித்ததும் அந்த வீட்டில்தான் நடந்தது. அவள் முடித்ததும் நான் வேலையைத் தொடங்கினேன். எங்கள் கார்டைக் கழற்றிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த சுனிதாவின் கார்டின் பற்களைத் தேய்த்தேன். இந்தத் தடவை ஈறையும் விடவில்லை. செத்துப்போன பழைய கார்டு ஒன்றில் மெல்லிய துணியைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, ஸ்லாட்டுக்குள் பைய இறக்கி ஏற்றினேன். துணி பச்சையும் கறுப்புமாக வெளியே வந்தது. துணி மாற்றி மாற்றி, வெள்ளையாக வரும் வரை செய்தேன். நன்றாகக் காய விட்டு, சுனிதாவின் சொந்தக் கார்டையே மாட்டினேன். அவளையே போடச் சொன்னேன்.

முதல் படம் சுத்தம். விண்டோஸ் சுத்தம். கரை வந்தது, பொன்வரியும் இலையும் மட்டும்.

"எங்க போச்சு அந்தப் படிக்கட்டு?" என்றார் தங்கம்மை, நிஜமான வருத்தத்தோடு.

"இனி நான் போடுதேன் மாமி" என்றாள் சுனிதா.

அதன் பிறகுதான் நானும் சாரும் சாயாவை எடுத்தோம். ஆறிப்போயிருந்தது. தங்கம்மை அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் புதிதாகப் போட்டுக் கொண்டுவந்தார். என் வேலைக்காலத்தில் குடித்த ஒரே நல்ல சாயா அது.

சனிக்கிழமை மாலை சுனிதா அழைத்தாள். பின்னால் பஸ் இரைச்சல். பாலராமபுரத்திலிருந்து திரும்பி வருகிறாள். இலைகளை எடுத்துவிட்டு, பொன்வரிகளுக்கு நடுவில் ஊதாப் படிக்கட்டை எட்டுக்கு ஒன்றாக வைத்து வரைந்து கொண்டுபோயிருக்கிறாள். பெரிய நெசவுக்காரர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்தும் தூர வைத்தும் பார்த்தாராம். 'இது யாரு கரை?' என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"எங்க வீட்டுக் கரைன்னு சொன்னேன் சேச்சி. தறியில ஏத்தியாச்சு."

நான் சென்டரில் இருந்தேன் என்பதை மறந்து போட்ட கூச்சலில் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைக்காரர் ஓடி வந்தார்.

ஓணத்துக்கு முன்னால் தங்கம்மையும் சுனிதாவும் சென்டருக்கே வந்தார்கள். தங்கம்மை உடுத்தியிருந்தது ஊதாப் படிக்கட்டுக் கரை போட்ட சேலை. எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தார். அந்தச் சேலையில் ஆசிட் நெடி இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். அந்த அம்மா என் முதுகில் ஒரு அடி போட்டார். புகைப்புரைக் கூரையை மாற்றிவிட்டார்களாம். சுனிதாவின் அடுத்த கரையும் தறியில் இருந்தது.

அந்தச் சேலையை நான் பல நாள் உடுத்தவில்லை, எடுத்துப் பார்ப்பதோடு சரி. என் ஓய்வு நாளில்தான் உடுத்தினேன். சென்டரில் சின்னதாக ஒரு கூட்டம், வடை, சாயா. எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட சுகுமாரன் சார் கொல்லயிலிலிருந்து வந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, பையில் அதே டப்பா. ரேஷ்மி அவருக்கு நாற்காலி போட்டாள். சாயாக் கோப்பையை நீட்டினால், வாங்காமல் என் சேலையின் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி பார்த்தார். இரண்டு கையும் மடியில் இருந்தன.

"செலின், இந்தக் கோடு முதல் படத்திலேயே உண்டா, இல்லை பின்ன வந்ததா?" என்றார்.

"முதல் படத்திலேயே உண்டு சார்" என்றேன்.

"அப்பொ ஒண்ணும் தொடாண்டாம்" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து கையை எடுத்துச் சாயாவை வாங்கிக்கொண்டார்.